சாத்தத்துச் சாளரமும் தட்டியும்

சாளரத்துக்குத் தமிழர் இட்ட பழம்பெயர்களுள் காலதர் என்பது ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளி வரும் வழியென்றோ, பார்க்கும் துளையென்றோ பெயரிடாது, காற்றின் வழி என்றே நம் முன்னோர் அதனை அழைத்தனர். மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் புகார் நகரத்து மாளிகைகளில் இருந்தன என்று சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் வடபுலத்துப் பழமொழி ஒன்றில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்தே பிறந்தது. வெப்ப நாட்டாரும் குளிர் நாட்டாரும் இவ்விடத்து ஒத்து நிற்பது வியப்பன்றோ!

இன்று நம் காலனியில் புதுக்கியமைத்த வீடுகள் சிலவற்றுள் சாளரத்தின் இடத்தை இழுப்புக் கண்ணாடிக் கதவு பிடித்துக்கொண்டது. துறைமுகத்தின் நீலநீரை வீட்டினுள் இருந்தவாறே காணலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆயின், காலைக் கதிரவன் அக்கண்ணாடி வழியே புகுந்து கூடத்தைக் காய்ச்சத் தொடங்கியவுடன், 'இதற்கு என்ன மறைப்பு இடுவது?' என்னும் வினா எழுகிறது. கடைக்காரர் 'வெர்டிகல் பிளைண்ட்ஸ்' என்று விற்கும் செங்குத்துப் பட்டைத் திரையே பெரும்பாலோர் நாடும் விடை. அத்திரை நம் இல்லங்களுக்கு வந்த வழி நெடியது. அதனைச் சிறிது காண்போம்.

வெயிலுக்குத் தட்டி கட்டுதல் நமக்குப் புதிதன்று. மூங்கிற்பிளாச்சுகளைக் கயிற்றால் பிணைத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதும், கோடையில் வெட்டிவேர்த் தட்டியை நீரால் நனைத்து வாயிலில் நிறுத்துவதும் தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அக்பரின் அவையிலும் வெட்டிவேர்த் தட்டிகள் இருந்தமையை அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி கூறும். இவற்றின் சிறப்பு யாதெனில், வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதாகும். காலதர் என்னும் பெயருக்கு இழுக்கு வாராமல் காத்த மறைப்புகள் இவை.

மேலைநாட்டார் மரப்பட்டைகளை அடுக்கி இதே காரியத்தைச் செய்தனர். வெனிஸ் நகரின் பெயரால் உலகம் அத்திரையை அழைக்க, இத்தாலியரோ பட்டைச் சாளரக் கதவைப் பாரசீகத்தின் பெயரால் 'பெர்சியானா' என்பர். பிரெஞ்சுக்காரர் 'பெர்சியென்' என்பர். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் நடந்தோர் அச்சாய்சட்டக் கதவுகளைக் கண்டிருப்பர். இவ்வகைத் திரைக்கு 1769ஆம் ஆண்டில் இலண்டனில் எட்வர்ட் பெவன் என்பார் காப்புரிமை பெற்றார். பட்டைகளின் சாய்வை வேண்டியவாறு திருப்பும் அமைப்புக்கு 1841இல் நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த ஜான் ஹாம்சன் உரிமை பெற்றார். அப்பட்டைகளை நெடுக்காக நிறுத்தித் தொங்கவிடும் வகை அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பரவிற்று. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுப் பெரிய தகடுகளாக வார்க்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959இல் உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் அகன்ற கண்ணாடி மலிந்தது; கதவே கண்ணாடியாயிற்று; அதனை மறைக்க நெடும்பட்டையும் வேண்டியதாயிற்று.

இனி நம் சாத்தத்துக்கு வருவோம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேயர் அந்தமானின் முதற்குடியேற்றத்தைத் தொடங்கியது இச்சிறு தீவிலேதான். 1792இல் அது வடக்கே பெயர்க்கப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. பின்னர் 1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கியபோது முதலில் திருத்தப்பட்ட நிலமும் சாத்தமே. குடிநீர்க் குறையால் தலைமையிடம் ராஸ் தீவுக்குப் போயிற்று. 1883இல் மர அறுவை ஆலை இங்கு எழுந்தது. படாக், குர்ஜன் முதலிய அந்தமான் மரங்கள் கடல்வழியே மிதந்து வந்து இங்குச் சட்டமாகவும் பலகையாகவும் அறுபட்டன. செந்நிறப் படாக் மரம் அமெரிக்காவின் புல்மன் ரெயில்வண்டிகளை அணிசெய்யும் அளவுக்குப் புகழ் பெற்றது. தீவின் பழைய வீடுகளுக்கு நிலையும், கதவும், சாய்சட்டமும் ஆனவை இம்மரங்களே. சாத்தத்தில் வாழும் நாம் மரத்தூளின் மணத்தை அறியாதவர் அல்லர்.

சாளரத்தின் வரலாற்றைப் பேசுங்கால் சிறையின் வரலாற்றை விடுத்தல் இயலாது. 1896 முதல் 1906 வரை கட்டிய செல்லுலார் சிறையில், ஒவ்வோர் அறைக்கும் உயரத்தில் ஒரு சிறு காற்றுத்துளையே இருந்தது. ஒரு பகுதியின் அறைமுகப்பு அடுத்த பகுதியின் முதுகையே நோக்குமாறு ஏழு பகுதிகளும் அமைந்தன. கைதி கைதியைக் காணலாகாது என்பது கட்டியோர் கருத்து. 1942 முதல் 1945 வரை இத்தீவுகளை ஆண்ட ஜப்பானியர் விட்டுச்சென்ற பதுங்கு அரண்களிலோ, தாம் மறைந்திருந்து பிறரைப் பார்க்கும் பிளவுகள் உள்ளன. தம் நாட்டில் இழுப்புக் கதவைக் கலையாகவே வளர்த்த அவர்கள் இங்கு நமக்கு விட்டுச்சென்றது அப்பிளவுகளே! அப்போரின் குண்டுக்கு அறுவை ஆலையும் தப்பவில்லை. குண்டு விழுந்த பள்ளத்தை ஆலை வளாகத்தில் இன்றும் காணலாம். யார் காணலாம், யார் காணப்படலாம் என்பதைச் சாளரத்தின் அமைப்பே தீர்க்கிறது. வீட்டில் அவ்வுரிமை குடியிருப்போருக்கு உரியது; பட்டையைத் திருப்பும் கோல் அவர் கையில் இருக்கிறது.

மரப்பட்டை இன்று அரிதாயிற்று. 2002 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையால் தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. காடு பிழைத்தது; அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின் அறுவை ஆலையின் வாயிலிலே குடியிருந்துகொண்டு, கப்பலில் வந்த பிளாஸ்டிக் பட்டையை வாங்கிக் கட்டுகிறோம் என்பதும் உண்மை.

வெயிலின் போக்கை அறிந்து கட்டினால் இப்பட்டைத் திரை நன்கு பயன்படும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயர், ஏறத்தாழக் கடலூரின் அகலாங்கிலே உள்ளது. நெட்டாங்கிலோ இந்தியப் பொதுநேரக் கோட்டுக்குப் பத்துப் பாகை கிழக்கே நிற்பதால், கதிரவன் நம் கடிகாரத்துக்கு 40 நிமிடம் முந்தி வருகிறான். ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே வெயில் கூடத்தில் புகும். அம்மாதத்தில் அவன் எழுமிடம் நேர்கிழக்குக்கு ஏறத்தாழ 24 பாகை வடக்கே. டிசம்பரில் அவ்வளவே தெற்கே. ஆதலின் கிழக்கு நோக்கிய கதவில், ஜூனில் பட்டைகளின் இடைவெளி தென்கிழக்கை நோக்குமாறும், டிசம்பரில் வடகிழக்கை நோக்குமாறும் திருப்பினால், வெயில் பட்டையில் பட்டு நிற்கும், கடற்காட்சி மறையாது. கிடைப்பட்டைத் திரைக்கு இவ்வாற்றல் இல்லை. அஃது உச்சி வெயிலுக்கு ஏற்றது.

பொருத்தும் முறையில் சில நுட்பங்கள் உண்டு. ஆறடி அகலக் கதவுக்கு இருபுறமும் நான்கு அங்குலம் கூட்டி 80 அங்குலத் தண்டு கொள்ளல் வேண்டும். மூன்றரை அங்குலப் பட்டை ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறி நிற்க, ஏறத்தாழ 25 பட்டைகள் தேவைப்படும். உயரத்தை இரு ஓரத்திலும் நடுவிலும் அளந்து, குறைந்ததைக் கொண்டு, தரையில் அரை அங்குலம் விடுக. தாங்கிகளுக்குக் குறியிடும்போது கண்மதிப்பை நம்பற்க. ரசமட்டம் வைத்தே கோடு இடுக. தண்டு சாய்ந்தால் பட்டைகள் அனைத்தும் ஒருபக்கம் நழுவிச் சேரும். கதவின் கைப்பிடியில் பட்டை உராயாதபடி தாங்கி முன்தள்ளி நிற்றல் வேண்டும். சிமெண்டுச் சுவராயின் துளையிட்டுப் பிளக்கு அறைந்து திருகுக. பழைய மரவீடாயின் நிலைச்சட்டத்தில் நேரே திருகலாம். பட்டைகள் ஒதுங்கி நிற்கும் பக்கம் அசையாக் கண்ணாடிப் பக்கமாக இருக்கட்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் பட்டைக் குவியலைத் தள்ளிக்கொண்டே வெளியேற நேரும். இரும்புத் திருகாணி நம் உப்புக்காற்றில் நெடுநாள் நில்லாது. துருப்பிடியா எஃகும் அலுமினியத் தண்டும் சற்று விலை கூடினும் அவற்றையே கொள்க. துணிப்பட்டை மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும்.

ஆயினும் ஒன்று சொல்வோம். உட்புறத் திரை ஒளியை மறைப்பதுபோல் வெப்பத்தை மறைப்பதில்லை. கண்ணாடியைக் கடந்து புகுந்த வெயில் பட்டையைச் சூடேற்றும். அச்சூடு அறையிலேயே தங்கும். வெளித் தாழ்வாரத்தில் தொங்கும் மூங்கில் தட்டியோ வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துகிறது. இவ்வகையில் நம் பாட்டன்மாரின் தட்டியே மேலானது என்பது எம் துணிபு. இயன்றவர் இரண்டையும் கட்டுக. கதவையும் சிறிது திறந்து வைக்க.

தாய்மார்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி பட்டைகளில் இல்லை. அவற்றை இயக்கும் கயிற்றிலே உள்ளது. வளையமாகத் தொங்கும் கயிறும் மணிச்சரடும் தவழும் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடியவை. மேலைநாடுகளில் இவ்வாறு குழந்தைகள் பலர் இறந்துள்ளனர். சத்தம் எழாமல், ஒருசில நிமிடங்களில், பெற்றோர் அடுத்த அறையில் இருக்கும்போதே நிகழ்ந்த சாவுகள் அவை. அதனால் அமெரிக்காவில் ஆயத்தமாக விற்கும் திரைகள் கயிறின்றியோ, எட்டாத கயிற்றுடனோ இருத்தல் வேண்டும் என்னும் தரவிதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் கடைகளில் வளையச் சரடுள்ள திரைகளும் விற்கப்படுகின்றன. வாங்கும்போதே திருப்புகோல் உள்ளதைக் கேளுங்கள். முன்னரே சரடுள்ளதைக் கட்டியிருப்பின், சரட்டை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியைச் சுவரில் திருகித் தொய்வின்றி நிறுத்துங்கள். தொட்டிலையும் கட்டிலையும் நாற்காலியையும் அக்கதவின் அருகிலிருந்து விலக்கிப் போடுங்கள்.