ஒரு பட்டன் போனால் ஒரு பட்டன்: கீபோர்டு வளர்ந்த கதை

"ஏதாவது டெக்னிக்கலா, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதிக் குடுப்பா" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். பாலம், செயற்கைக்கோள் என்று பெரிய விஷயங்களை எழுத நம் சீனியர்கள் இருக்கிறார்கள். நான் தினமும் பத்து மணி நேரம் விரல் வைக்கும் கீபோர்டைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கதையில் நம் கல்லூரி லேபும் வருகிறது. நான் ஒருவருக்குப் பட்ட கடனும் வருகிறது.

2010, எங்கள் பேட்சின் கடைசி செமஸ்டர். மாடியில் இருந்த யூனிக்ஸ் லேபைக் காலி செய்தார்கள். 1990-களில் வாங்கிய டெர்மினல்கள் எல்லாம் ஏலத்துக்குப் போயின. லாரியில் ஏற்ற எங்களைக் கூப்பிட்டார்கள். கூலி டீயும் சமோசாவும். லேப் அட்டெண்டர் அண்ணன் மட்டும் ஓரமாக நின்று, "கீபோர்டையாவது விட்டு வைங்கப்பா, எல்லாம் நல்லா இருக்கு" என்றார். நாங்கள் சிரித்தோம். கீபோர்டு அப்போது கடையில் 200 ரூபாய்.

அந்த அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு கீ வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டைத் திருப்பிப் போட்டு, சால்டரிங் அயர்னை எடுத்து, அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றிவிடுவார். "ஒரு பட்டன் போனா ஒரு பட்டனை மாத்து தம்பி. போர்டையே ஏன் தூக்கிப் போடணும்?" என்பார். மூடியைக் கழற்றினால் உள்ளே கூட்டல் குறி வடிவில் ஒரு கருப்புத் தண்டு தெரியும். அதன் மதிப்பு எனக்குத் தெரிய 11 வருடம் ஆயிற்று.

விரலின் பலத்திலிருந்து ஸ்பிரிங்கின் பலத்துக்கு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் டைப்ரைட்டருக்கு 1868-ல் காப்புரிமை பெற்றார்கள். ரெமிங்டன் கம்பெனி அதை 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு அதன் தத்துவம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரல் கொடுக்கும் அடிதான் எழுத்தைக் காகிதத்தில் பதிக்கிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த பலம் தேவையில்லாமல் போயிற்று. "அமுக்கிவிட்டார்கள்" என்ற ஒரு செய்தி உள்ளே போனால் போதும். ஆனால் அமுக்கியது பதிவாயிற்றா என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே? அதைத் தெரிவிப்பதற்குத்தான் இஞ்சினீயர்கள் மெனக்கெட்டார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹாரிஸ், ஒரு சிறு ஸ்பிரிங் ஓரளவு அமுங்கியதும் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும்படி ஓர் அமைப்பைச் செய்து, 1978-ல் காப்புரிமை பெற்றார். அந்த மடங்கலை விரல் உணரும், காதும் 'டக்' என்று கேட்கும். 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த 'மாடல் எஃப்' கீபோர்டில் இந்த ஸ்பிரிங்தான். எழுத்து பதிவாவதை கெபாசிட்டன்ஸ் மாறுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

1985-ல் அதன் தம்பி 'மாடல் எம்' வந்தது. 2 கிலோவுக்கு மேல் எடை. இன்றும் பலர் கொண்டாடும் கீபோர்டு அது. ஸ்பிரிங் அதேதான். ஆனால் அடியில் கெபாசிட்டன்ஸ் பலகைக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் மெம்பிரேன் தாள்கள். செலவு மிச்சம். மாடல் எஃப்-ன் உட்பாகங்களை இரும்புத் தகடுகள் பிடித்திருந்தன, கழற்றி மாட்டலாம். மாடல் எம்-ல் பிளாஸ்டிக் முனைகளை உருக்கி ஒட்டிவிட்டார்கள். உள்ளே போக வேண்டுமானால் அவற்றை வெட்டியாக வேண்டும். செலவைக் குறைக்கும் கை, மிகச் சிறந்த கீபோர்டு என்று பெயர் வாங்கியதிலேயே நுழைந்துவிட்டது.

கருப்புத் தண்டு

இன்னொரு வழியில் போனது செர்ரி நிறுவனம். 1953-ல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு ஜெர்மனியில் வேரூன்றியது. கீபோர்டு உயரமாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும் என்று ஜெர்மனியில் தட்டையான கீபோர்டுகளை வற்புறுத்திய காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், செர்ரி 'எம்.எக்ஸ்.' ஸ்விட்சைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கீயும் ஒரு தனி ஸ்விட்ச். மேல் கூடு, கீழ் கூடு, தண்டு, ஸ்பிரிங், உள்ளே தங்கக் கலவை பூசிய தொடுமுனை. மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியில், 2 மில்லிமீட்டரில், எழுத்து பதிவாகும். தண்டின் நிறம் அதன் குணத்தைச் சொல்லும். நீலம் 'கிளிக்' என்று ஒலிக்கும். கருப்பு ஒலிக்காது, தடங்கல் இல்லாமல் வழுக்கி இறங்கும், சுமார் 60 கிராம் பலம் கேட்கும். ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனமும் இதே போலத் தனி ஸ்விட்சுகள் செய்தது. 1987-ல் ஆப்பிளின் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் இருந்தவை அவைதான்.

பிறகு பி.சி.யின் விலை சரிந்தது. கீபோர்டுக்கு ஒதுக்கும் பணமும் சரிந்தது. நூறு ஸ்விட்சுகளுக்குப் பதில் ஒரே ரப்பர் தாளும் சில பிளாஸ்டிக் தாள்களும் வந்தன. விலையைப் பொறுத்தவரை இது பெரிய உபகாரம். நம்மில் பலர் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாளில் ஒரு இடம் போனால் கீபோர்டே போயிற்று. அந்த அண்ணன் மாற்றுவதற்கு அதில் தனியாக ஒரு பட்டன் இல்லை.

2,500 ரூபாய்க் கணக்கு

2021-ல் வீட்டிலிருந்து வேலை. விரல் மூட்டுகளில் வலி. நல்ல கீபோர்டு தேடியபோது, பழைய கருப்பு எம்.எக்ஸ். ஸ்விட்சுகளை உலகமெங்கும் ஆசையோடு தேடுகிறார்கள் என்று தெரிந்தது. பல வருடம் ஓடித் தேய்ந்து வழவழப்பானவை என்பதால் புதியவற்றைவிட மேல் என்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. சமோசா தின்றுகொண்டு நாங்கள் லாரியில் எறிந்தது அதைத்தான்!

புதிதாக வாங்கப் பட்ஜெட் இடம் தரவில்லை. ரிச்சி தெருவில் ஆரம்பித்து, பல பழைய சாமான் கடைகள் ஏறி இறங்கியதில், மறு வருடம் இரண்டு டெர்மினல் கீபோர்டுகள் கிடைத்தன. தம்பிமார்களுக்காகக் கணக்கைத் தருகிறேன். பழைய கீபோர்டுகள் 2-ம் சேர்த்து 500 ரூபாய். ராஸ்ப்பெரி பை பிகோ போர்டு 350. 1என்4148 டயோடுகள் 100. ஸ்விட்சுகளை மாட்ட லேசரில் வெட்டிய 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு 900. ஆசாரி செய்து கொடுத்த மரச் சட்டம் 400. ஈயம், வயர் வகையறா 250. ஆக 2,500. மேல் மூடிகள் பழைய கீபோர்டிலேயே இருந்தன.

இரண்டிலுமாகச் சுமார் 200 ஸ்விட்சுகள். ஈயத்தை உறிஞ்சி எடுத்துக் கழற்ற இரண்டு வாரம். நல்லதாக 61 பொறுக்கி, ஒவ்வொன்றையும் நான்கு கொக்கிகளையும் நெம்பித் திறந்து, கூட்டையும் தண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சமாக கிரீஸ் தடவினேன். தகட்டில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகள், மையத்துக்கு மையம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். 61 கீக்கு 61 வயர் தேவையில்லை. 5 வரிசை, 14 நெடுவரிசை என்று மேட்ரிக்ஸாகப் பின்னினால் 19 இணைப்பு போதும். பல கீக்களைச் சேர்த்து அமுக்கும்போது அமுக்காத எழுத்து விழாமல் இருக்க, கீக்கு ஒரு டயோடு. இரண்டாம் வருடம் படித்த பாடம்தான். மென்பொருள் க்யூ.எம்.கே., இலவசம்.

அண்ணன் வைத்த டெஸ்ட்

முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிடையர் ஆகிப் பல வருடம் ஆகிறது. பார்வை கொஞ்சம் மங்கல். கீபோர்டை மடியில் வைத்து, என் லேப்டாப்பில் இணைக்கச் சொல்லி, இடது மூலையிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். 'என்' எழுத்தில் நிறுத்தினார். திரும்ப அமுக்கினார்.

"தம்பி, இது ரெண்டு வாட்டி விழுது பாரு."

ஸ்கிரீனைப் பார்த்தேன். இரண்டு 'என்'கள். ஒரு வாரமாக டைப் செய்தும் நான் கவனிக்கவில்லை.

"நீங்க சொன்னப்ப கேட்டிருக்கணும்ணே" என்றேன். "அதை விடு. ஸ்பேர் இருக்குல்ல? மாத்திடு" என்றார்.

இனி என் கடனைச் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு, நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கருவியின் விலையைக் குறைக்க நான்கு ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, கூட்டைப் பசையால் ஒட்டினோம். வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை இனி யாரும் திறந்து ரிப்பேர் செய்ய முடியாது. அது அன்றே எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் மாதிரி ஓரமாக நின்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எம்.எக்ஸ். காப்புரிமை காலாவதியான பிறகு, 2010-களில் பல சீன நிறுவனங்கள் அதே அளவில் ஸ்விட்ச் செய்ய, விலை இறங்கியது. சால்டரிங்கே இல்லாமல் கையால் பிடுங்கி மாற்றும் சாக்கெட்டுகளும் வந்துவிட்டன. லேபில் அண்ணன் செய்ததை இன்று விற்பனைச் சிறப்பாக டப்பாவில் அச்சடித்து விற்கிறார்கள்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் லேபில் அடுத்த ஏல லிஸ்ட் தயாராகும்போது, லாரி வருவதற்கு முன் ஒரு பொருளையாவது திறந்து பாருங்கள். லேப் அட்டெண்டர் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். அன்றைய சந்திப்புக்கு நான் கீபோர்டைக் கொண்டுவருகிறேன், தட்டிப் பார்க்கலாம். 'என்' இப்போது ஒரு தடவைதான் விழுகிறது.

(கட்டுரையாளர் நம் கல்லூரியின் மின்னணுவியல் துறை மாணவர், 2006–2010)