எஸ். ஜி. கிட்டப்பா

செங்கோட்டை கங்காதர ஐயரின் மகன் கிட்டப்பா (25.8.1906 – 2.12.1933) தமிழ் நாடக மேடையின் முதல் பெரும் பாட்டு நட்சத்திரம். இயற்பெயர் ராமகிருஷ்ணன். சங்கரன்கோவிலில் இரயிலேறினால் கடையநல்லூர், தென்காசி தாண்டி வந்துவிடும் செங்கோட்டை, அவர் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது.

வறுமையினால் கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் சிறு வயதிலேயே நாடகத்துக்கு அனுப்பப்பட்டனர். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் பயின்ற பின், சென்னையில் புகழ்பெற்றிருந்த கன்னையா கம்பெனியில் கிட்டப்பா சேர்ந்தார். 'தசாவதாரம்' போன்ற நாடகங்கள் அவரை ஊரறியச் செய்தன. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார்.

அன்றைய நாடகம் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். எனவே உச்ச சுருதியில் பாடுபவரே நிலைத்தார். பலருக்கு அங்கே போனால் குரல் கத்தலாகிவிடும். கிட்டப்பாவுக்கோ மேல் ஸ்தாயியில்தான் குழைவு அதிகம். தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்டால் இது விளங்கும். முறையாகக் குருகுலவாசம் செய்யாத ஒருவர் கர்நாடக இசையைச் சபாவுக்கு வெளியே, சீட்டு வாங்கி வந்த சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தார் என்பதே என் கணிப்பில் அவருடைய பெரிய சாதனை.

1926-இல் இலங்கையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து நடித்தார். அவருக்கு இணையாக உச்சத்தில் பாடக்கூடிய நடிகை அவர் ஒருவரே. கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தும் மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். காங்கிரஸ் மேடைகளிலும் தேசியப் பாடல்கள் பாடினர். பிற்பாடு மனக்கசப்பு ஏற்பட்டுப் பிரிந்து வாழ்ந்தனர்.

27 வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தித் துறவி போல் வாழ்ந்தார். ஒரு இலட்ச ரூபாய் ஊதியத்தில் 'நந்தனார்' (1935) படத்தில் அவர் நடித்தது பலருக்கும் தெரியும். அவர் கதையின் ஒரு பகுதியாகவே இன்று கிட்டப்பா பேசப்படுகிறார். இது சரியன்று.

தமிழ்ப் பேசும்படம் வந்து இரண்டே ஆண்டுகளில் மறைந்ததால் அவர் நடித்த படம் எதுவுமில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் முதல் படம் 'பவளக்கொடி' வெளியானது 1934-இல். கிட்டப்பாவின் பாணியைப் பின்னாளில் திரையில் தொடர்ந்தவர் டி. ஆர். மகாலிங்கம். கிட்டப்பாவின் குரலோ, கீறல் விழுந்த சில இசைத்தட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.