ஜோஷ் கிப்சனின் .372: எண்ணாமல் விட்ட ஆட்டங்கள்

இறந்து 77 வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் சாதனை படைக்கலாமா? 2024 மே 29ஆம் திகதி அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. மேஜர் லீக் பேஸ்போல் அமைப்பு தன்னுடைய உத்தியோகபூர்வப் பதிவேட்டைத் திருத்தியது. வாழ்நாள் துடுப்பாட்ட சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்தவர் டை கொப். அவருடைய சராசரி .367. அன்றைக்கு அந்த இடத்துக்கு .372 என்ற சராசரியோடு ஜோஷ் கிப்சன் வந்தார். கிப்சன் 1947 ஜனவரி 20ஆம் திகதியே, வெறும் 35 வயதில், இறந்துபோன மனிதர்.

பேஸ்போல் எங்களுக்குப் பெரிசாகப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனால் கிரிக்கெட் பார்க்கிற ஆருக்கும் இந்தக் கணக்கு லேசாக விளங்கும். .372 எண்டால், ஆயிரம் தரம் அடிக்க நின்ற இடத்தில் 372 தரம் ஒழுங்காக அடித்துத் தளத்துக்கு ஓடிச் சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பத்துக்கு மூன்று தரம் அடித்தாலே அங்கே நல்ல ஆட்டக்காரர். இந்தக் கணக்கு வழக்கத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பழைய உறவும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பேஸ்போலுக்கான ஸ்கோர் அட்டையை வடிவமைத்துப் பரப்பியவர் ஹென்றி சட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த அட்டை வந்த பிறகு, ஆட்டத்தைப் பாராதவரும் ஒரு வீரரை இன்னொரு வீரரோடு ஒப்பிடலாம் என்றாகிவிட்டது.

அப்ப கிப்சனின் கணக்கு ஏன் இவ்வளவு காலம் இல்லாமல் இருந்தது? அவர் கறுப்பர். 1880களின் நடுப்பகுதிக்குப் பிறகு வெள்ளையர்களின் பெரிய லீக்குகள் கறுப்பு வீரர்களைச் சேர்க்கவில்லை. அதற்கு எழுதி வைத்த சட்டம் ஏதும் தேவைப்படவில்லை, அணி உரிமையாளர்களுக்கிடையிலான புரிந்துணர்வே போதுமாக இருந்தது. கறுப்பர்கள் தங்களுக்கென்று அணிகளையும் லீக்குகளையும் கட்டினார்கள். 1920இல் ரூப் ஃபொஸ்டர் கன்சாஸ் சிற்றியில் கூட்டிய கூட்டத்தில் நீக்ரோ நஷனல் லீக் பிறந்தது. "நீக்ரோ" என்ற சொல் இன்று உறுத்தும், ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் தங்கள் லீக்குக்கு வைத்த பெயர் அதுதான்.

கிப்சன் அதிகம் பேசப்படுவது ஹோம்ஸ்டெட் கிரேய்ஸ் அணியோடு சேர்த்து. ஹோம்ஸ்டெட், பிட்ஸ்பேர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள உருக்காலை ஊர். ஆலைத் தொழிலாளர்களின் அணியாகத் தொடங்கியது, கம் போஸி என்பவரின் கையில் நாட்டின் பலமான அணிகளில் ஒன்றாக வளர்ந்தது. சொந்த மைதானம் இல்லை. பிட்ஸ்பேர்க்கிலும் பிறகு வொஷிங்டனிலும், வெள்ளையர் அணி வெளியூர் போயிருக்கிற நாட்களில் அதன் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். கிப்சன் கெச்சர், அதாவது எங்கட விக்கெட் காப்பாளர் மாதிரி. முதலாம் தளத்தில் பக் லெனர்ட். 1943, 1944, 1948 ஆகிய மூன்று வருடங்களிலும் நீக்ரோ உலகத் தொடரை கிரேய்ஸ் வென்றது.

இவ்வளவு பெரிய அணியின் கணக்கு எங்கே போனது? வெள்ளையர்களின் நாளிதழ்கள் இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பேர்க் கூரியர், சிக்காகோ டிஃபென்டர் போன்ற கறுப்பர்களின் பத்திரிகைகள்தான் எழுதின. அவை வாரப் பத்திரிகைகள். ஒரு வாரத்து ஆட்டமெல்லாம் கொஞ்ச இடத்துக்குள் அடங்க வேண்டும். சில ஆட்டங்களுக்கு முழு அட்டை வந்தது, சிலதுக்கு வெறும் முடிவு மட்டும். பணம் உழைக்க அணிகள் பஸ்ஸில் ஊரூராகப் போய், கிடைத்த அணியோடெல்லாம் மோதின. லீக் ஆட்டங்களைவிட அப்படியான ஆட்டங்களே அதிகம். அதையெல்லாம் யார் எழுதி வைப்பது?

பதிவு தொலைந்தது ஒரு பக்கம். மற்றப் பக்கம், இருந்ததையும் சேர்க்காமல் விட்டது. 1969இல் எந்தெந்த லீக்குகள் "மேஜர்" என்று தீர்மானிக்க ஒரு விசேட குழு கூடியது. ஆறு லீக்குகளைத் தெரிவு செய்தார்கள். அதில் ஒன்று யூனியன் அசோசியேஷன். 1884இல் ஒரேயொரு பருவம் மட்டும் நடந்து, பாதியிலேயே அணிகள் கலைந்துபோன லீக் அது. அதற்கு இடமிருந்தது. பல பத்து வருடங்கள் ஆடிய கறுப்பர்களின் லீக்குகளுக்கு இடமில்லை. விவாதித்து நிராகரித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அவை பேச்சுக்கே எடுக்கப்படவில்லை.

பிறகு நடந்தது பெரும்பாலும் தனிமனிதர்களின் வேலை. ஆராய்ச்சியாளர்கள் நூலகங்களில் இருந்து பழைய பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம்களைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு அட்டையாகப் பொறுக்கினார்கள். 2011இல் சீம்ஹெட்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் அந்தச் சேகரிப்பு வெளிவரத் தொடங்கியது. 2020 டிசம்பரில் மேஜர் லீக் அமைப்பு, 1920 முதல் 1948 வரையான ஏழு கறுப்பர் லீக்குகளை "மேஜர்" என ஏற்றது. வரலாற்றாசிரியர் ஜோன் தோர்ன் தலைமையிலான குழு கணக்குகளைச் சரிபார்த்து, 2024இல் 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் எண்களைச் சேர்த்தது. அந்தக் காலப் பதிவுகளில் கிட்டத்தட்ட 72 வீதம்தான் கிடைத்திருக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு.

உடனே எதிர்ப்பும் வந்தது. 1943இல் கிப்சனின் சராசரி .466, ஒரு பருவத்துக்கான புதிய சாதனை. "அந்தப் பருவம் குறுகியது, வெள்ளையர்கள் 154 ஆட்டம் ஆடினார்களே" எண்டு கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொவிட் காலத்தில், 2020இல், வெறும் 60 ஆட்டங்களோடு முடிந்த பருவத்தை எல்லோரும் முழுப் பருவமாகத்தானே எழுதிக்கொண்டார்கள்? இன்னொன்றும் கேட்கலாம். டை கொப் தன்னுடைய லீக்கில் ஒரு கறுப்புப் பந்தெறியாளரையாவது எதிர்கொண்டாரா? இல்லை. அப்ப அவருடைய எண்ணும் நாட்டின் ஒரு பகுதி ஆட்களோடு மட்டும் ஆடி எடுத்த எண்தான். அதற்கு மட்டும் யாரும் அடிக்குறிப்புப் போடவில்லை.

கொப்பின் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். 1910இல் அவருடைய ஒரு ஆட்டம் இரண்டு தரம் எண்ணப்பட்டிருந்தது 1981இல் வெளிவந்தது. திருத்தினால் அவருடைய 4,191 அடிகள் 4,189 ஆகும், சராசரி .366 ஆகும். ஆனால் உத்தியோகபூர்வப் பதிவில் பழைய எண்ணே தொடர்ந்தது. எது எண் என்பதைக் கணிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று ஒரு மேசையைச் சுற்றி இருந்தவர்களும் தீர்மானிக்கிறார்கள்.

முரளிதரனின் 800 விக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கோ. ஒவ்வொன்றுக்கும் திகதி, மைதானம், ஆட்டமிழந்தவரின் பெயர் எல்லாம் உண்டு. கடைசி விக்கெட் 2010 ஜூலையில் காலியில், பிரக்யான் ஓஜா. கிப்சனுக்கும் ஒரு 800 இருக்கிறது. 1972இல் புகழ் மண்டபத்தில் வைத்த பட்டயம், அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்ததாகச் சொல்கிறது. உத்தியோகபூர்வக் கணக்கிலோ 200கூட இல்லை. இரண்டும் பொய்யில்லை. ஒன்று ஊரூராக ஆடிய எல்லாவற்றையும் சேர்த்துச் சனங்கள் ஞாபகம் வைத்த எண். மற்றது அட்டை கிடைத்த லீக் ஆட்டங்களின் எண். இடையில் இருக்கிற அறுநூறை எவராலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அதனால் .372ஐ ஒரு மன்னிப்பாக வாசிக்க எனக்கு விருப்பமில்லை. கிப்சன் இறந்து 85ஆம் நாள் ஜக்கி ரொபின்சன் வெள்ளையர் லீக்கில் இறங்கினார். பிட்ஸ்பேர்க்கில் கிப்சனின் கல்லறை 1975 வரை பெயர்ப் பலகைகூட இல்லாமல் கிடந்தது. புதிய எண் இதில் எதையும் மாற்றாது. கதவைப் பூட்டியவர்களின் புத்தகத்திலேயே இப்ப அவருடைய பெயர் மேலே இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு எத்தனை வருடம் பூட்டியிருந்தது எண்டு எழுத அந்தப் புத்தகத்தில் ஒரு நிரல் இல்லை.

ஆனாலும் அந்த எண்ணுக்கு ஒரு பெறுமதி உண்டு. ரொபின்சனின் கணக்கில் 1945இன் 49 அடிகள் சேர்ந்தன. வில்லி மேய்ஸுக்கு 1948இன் 10 அடிகள் சேர்ந்து 3,293 ஆனது. மூன்று கிழமைக்குள், 93 வயதில், மேய்ஸ் இறந்தார். தன்னுடைய பத்து அடிகளையும் எண்ணிவிட்டார்கள் எண்ட செய்தி அவருடைய வாழ்நாளிலேயே வந்தது.

மிச்சம் 28 வீதம் இன்னும் வெளியே கிடக்கிறது. ஒரு பழைய பத்திரிகைத் தாள் கிடைத்தால் கிப்சனின் சராசரி கூடலாம், அவர் ஒன்றும் அடிக்காத நாளின் தாளாக இருந்தால் குறையவும் செய்யலாம். தேடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதிச் சேர்க்கிறார்கள்.