கோயில் வீதியும் பூங்கா வாங்கும்

மருதடி விநாயகர் கோயில் வீதி இருக்க மானிப்பாய்க்குப் பூங்கா எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காற்று வாங்கவும் பிள்ளைகள் ஓடியாடவும் காலங்காலமாக இடம் தந்தவை கோயில் வீதிகளும் குளக்கரைகளுமே. ஆனால் அந்த இடங்களின் நிழல் எல்லோருக்கும் ஒரேமாதிரி விழவில்லை. 1968இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அரசாங்கத் தோட்டமும் உடனே பொதுவாகிவிடவில்லை. 1829இல் யாழ்ப்பாண நிர்வாகத்துக்கு வந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் தன் வாசஸ்தலத்தைச் சுற்றி மரங்களை வளர்த்தார். இன்றைய பழைய பூங்கா அதுதான். அதிகாரியின் நிழல் ஊராரின் நிழலாக நாளெடுத்தது. பூங்காவின் பராமரிப்புச் செலவு வீண் என்போர், கிடுகுவேலியும் மதிலும் வளவுக்கு வளவு பிரிக்கும் ஊரில், குலம்கோத்திரம் கேளாமல் எவரும் குந்தக்கூடிய வாங்கு வேறெங்கே கிடக்கிறது என்று காட்டட்டும்.