பாட்டின் முகம்

பாட்டு செவிக்குரியது; ஆயினும் அதனை விலை கொடுத்து வாங்கத் தூண்டுவது பல வேளைகளில் கண்ணே. இசைத்தட்டு நம் நாட்டிற்கு வந்த நாள்முதல் இவ்வுண்மை தெளிவாகவே விளங்கி வந்துள்ளது. 1902இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் ஒலிப்பதிவுகள் நிகழ்ந்தன. பின்னர் வந்த தட்டுகளின் நடுவே, குழாய்முன் அமர்ந்து எசமானின் குரலைக் கேட்கும் நாயின் படம் இடம்பெற்றது. எழுத்தறியாதவரும் தட்டை இனங்கண்டது அப்படத்தால்தான். மேலுறையோ வெறுந்தாள். அமெரிக்காவிலேயே 1940இல்தான் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் ஓவியர் இசைத்தொகுப்பின் அட்டையில் படம் தீட்டும் வழக்கத்தைத் தொடங்கினார்.

தமிழர்க்கு அவ்வட்டையின் பணியைச் செய்தது திரைப்படப் பாட்டுப் புத்தகம். கொங்கு நாட்டில் இதற்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் அச்சகமும் நடத்தியவர். பேசும்படம் வந்தபின், கொட்டகை வாயிலில் சில காசுகளுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றது. அட்டையில் படம்; உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள் முழுமையாக. கதை உச்சத்தை எட்டும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவர். ஆவலைத் தூண்டும் கலையை இதனினும் சுருக்கமாக யார் செய்தார்?

அட்டையில் யார் முகம் என்பதே இவ்வரலாற்றின் கரு. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளிவந்தது. அதில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் முகமும் குரலும் ஒன்றே. பத்தாண்டுகள் கழித்து, 1954இல், அதே கோவையின் பட்சிராஜா நிறுவனம் ‘மலைக்கள்ள’னைத் தந்தது. அங்கே முகம் எம்.ஜி.ஆருடையது; குரல் டி.எம். சௌந்தரராசனுடையது. பின்னணிப் பாடல் வேரூன்றியபின் அட்டையில் நாயக நாயகியர் நின்றனர். பாடியவரும் எழுதியவரும் உள்தாளின் சிற்றெழுத்தில் ஒதுங்கினர்.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பின் பத்தாண்டுகளில் ஒலிநாடா சிற்றூர்த் தேநீர்க்கடை வரை பரவியது. பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு உறையின் பரப்பு உள்ளங்கையளவு அட்டையாகச் சுருங்கியது. அவ்வளவில் நுண்ணிய ஓவியத்திற்கு இடமேது? பெரிய முகமும் பெரிய எழுத்துமே எடுபட்டன. இளையராஜாவின் பெயரே விற்பனைக் குறியாயிற்று. 1986இல் அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ திரைப்படம் சாராதது. விற்பதற்கு அதில் நடிகர் முகம் ஏதுமில்லை. 1997இல் ஏ.ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ தொகுப்பைத் தொலைக்காட்சிப் படங்கள் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. மூவண்ணக் கொடியே அதன் விளம்பரமாயிற்று. 2012இல் கோவையைச் சேர்ந்த ஆதி, ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பில் தாமே எழுதித் தாமே பாடினார். பாகவதர் காலத்தைப் போல முகமும் குரலும் மீண்டும் ஒன்றாயின.

வட்டம் நிறைவுற்றது எனினும் ஓர் இழப்பு உண்டு. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் தம் தொகுப்பின் உறையில் பாட்டுவரிகளை அச்சிட்டதை மேலைநாட்டார் புதுமையாகக் கொண்டாடினர். அதற்கு முப்பதாண்டுகள் முன்பே கொட்டகை வாயிலில் சொல்லையும் படத்தையும் ஒருங்கே விற்றவர் நாம். இன்று கைப்பேசியில் தோன்றும் சிறு கட்டத்தில் முகம் மட்டுமே நிற்கிறது. பாட்டின் சொல்லும் கவிஞர் பெயரும் தேடினாலன்றிக் கிட்டா.

சென்னை ரோஜா முத்தையா நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைப் பேணி வருகிறது. கொங்கு நாட்டுப் பரண்களில் இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ! பழந்தாள் என்று எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். அம்மங்கிய அட்டைகளுக்குள் நம் முன்னோர் எதைக் கண்டு மயங்கினர், எதைப் பாடிப் பழகினர் என்னும் வரலாறு உறைந்துள்ளது. அதனைக் காப்பது இலக்கியம் போற்றுவோரின் கடனுமாகும்.