பனியன் கம்பெனியில் கோடை விடுமுறை பயிற்சி: பயோடேட்டாவில் எதை எழுதணும்? எதை தூக்கணும்?

திருப்பூர்:

செமஸ்டர் தேர்வு முடியும் நேரத்தில் திருப்பூரில் உள்ள பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடைகளில் கல்லூரி மாணவ-மாணவிகள் கூட்டம் சேர்ந்து விடும். கோடை லீவில் ஏதாவது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஒரு மாதம் பயிற்சிக்கு போகணும். அதற்கு பயோடேட்டா அடிக்கணும்.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்கனவே ஒன்று இருக்கும். பெயரை மாற்றி, காலேஜ் பெயரை மாற்றி பிரிண்ட் போட்டு கொடுத்து விடுவார். அதே பயோடேட்டா அடுத்த மாணவனுக்கும் போகும். 2 பேரும் ஒரே கம்பெனியில் கொடுத்தால் அங்கே இருப்பவர் எதைப் பார்த்து ஆளை எடுப்பார்?

திருப்பூர் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அப்பா டெய்லர், அம்மா செக்கிங், மாமா நிட்டிங் என்று வீட்டிலேயே பனியன் தொழில் இருக்கும். வெளியூர் மாணவன் 6 மாதம் படித்தாலும் தெரியாத விஷயம் இங்கே சாப்பாட்டு நேரத்து பேச்சிலேயே காதில் விழும். ஆனால் அந்த விஷயம் மட்டும் பயோடேட்டாவில் ஒரு வரிகூட இருக்காது. சொல்ல வெட்கப்பட்டு பல பிள்ளைகள் மறைத்து விடுகிறார்கள்.

மறைத்த வரிதான் முக்கியம்

ஒரு எடுத்துக்காட்டு. பி.காம். 2-ம் ஆண்டு மாணவி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். மாணவியும் கல்லூரி லீவில் பக்கத்து தெரு ஜாப் ஒர்க் யூனிட்டில் பிசிர் வெட்ட, பீஸ் அடுக்கிக் கட்ட போயிருக்கிறார். ஆனால் பயோடேட்டாவில் இருப்பது இதுதான்: "கடின உழைப்பாளி. எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். பாட்டு கேட்பது பிடிக்கும்."

இதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இதையே இப்படி மாற்றலாம்:

"கல்லூரி லீவில் 2 முறை, மொத்தம் 5 வாரம், செக்கிங் மற்றும் பேக்கிங் பிரிவில் உதவியாக வேலை பார்த்தேன். ஓட்டை, கறை, தையல் விட்டது, சைஸ் லேபிள் மாறியது ஆகியவற்றை பிரித்து எடுக்கத் தெரியும். தினமும் எத்தனை பீஸ் பார்த்தோம், எத்தனை டேமேஜ் என்று நோட்டில் எழுதி கணக்கு கொடுத்தேன்."

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூட கூட்டிச் சொல்லவில்லை. கம்பெனிக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்று படித்த உடனே தெரியும். இதுபோல் உங்களுக்கும் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் எங்கே, எத்தனை நாள், என்ன வேலை, எவ்வளவு எண்ணிக்கை என்ற 4 விஷயங்களை எழுதினால் போதும்.

எதை எடுத்து விடலாம்?

கல்யாண பயோடேட்டா வேறு, வேலை பயோடேட்டா வேறு. சாதி, மதம், அப்பாவின் சம்பளம், கூடப்பிறந்தவர்கள் விவரம், உயரம், எடை எதுவும் தேவையில்லை.

ஆதார் எண், பேங்க் கணக்கு எண் கண்டிப்பாக வேண்டாம். பயோடேட்டா யார் யார் கைக்கோ போகும். பயிற்சிக்கு எடுத்த பிறகு கேட்டால் கொடுத்துக் கொள்ளலாம். வீட்டு கதவு எண் வரை எழுதாமல் ஊர், பகுதி பெயர் மட்டும் போட்டால் போதும்.

"எனது லட்சியம்" என்று மேலே 4 வரி ஆங்கிலம் இருக்கும். காப்பி அடித்தது என்று பார்த்ததும் தெரிந்து விடும். அதற்கு பதில் ஒரே வரி: "பி.காம். 2-ம் ஆண்டு மாணவி, மே மாதம் 4 வாரம் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பயிற்சி பெற விரும்புகிறேன்." எந்த பிரிவு, எத்தனை வாரம் என்று சொல்லி விட்டால் கம்பெனிக்கும் வேலை சுலபம்.

இ-மெயில் முகவரியும் முக்கியம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக தொடங்கிய "கியூட் பாய்", "ஏஞ்சல்" முகவரி வேண்டாம். சொந்தப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்க காசு கிடையாது.

அரியர் இருந்தால் பொய் எழுதக் கூடாது. பாஸ் ஆன சதவீதத்தை போட்டு, கேட்டால் உண்மையை சொல்லி விடணும். பயிற்சிக்கு வருபவரிடம் எல்லாம் தெரிந்திருக்கணும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பொய் சொல்லி மாட்டினால் அத்தோடு சரி.

எந்த படிப்புக்கு எந்த பிரிவு?

பனியன் கம்பெனி என்றால் தையல் மட்டும் இல்லை. சிக்கண்ணா அரசு கலைக்கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக்கல்லூரி போன்ற கல்லூரிகளில் எந்த பாடம் படிப்பவருக்கும் கம்பெனியில் ஒரு இடம் உண்டு. தன் பாடத்துக்கும் கம்பெனி வேலைக்கும் உள்ள தொடர்பை பயோடேட்டாவில் காட்டணும்.

பி.காம்.: ஏற்றுமதி ஆவணப் பிரிவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் இங்கேதான். சுங்க வரி அட்டவணையில் பின்னல் ஆடைகள் 61-வது அத்தியாயத்தில் வருகின்றன. டி-சர்ட்டுக்கு 6109 என்ற தலைப்பு எண். இந்த அளவு படித்துவிட்டு "ஏற்றுமதி ஆவணங்களின் அடிப்படை தெரியும்" என்று எழுதினால் கேள்வி வந்தாலும் பயமில்லை.

காஸ்ட்யூம் டிசைன், பேஷன்: சாம்பிள் பிரிவு, மெர்ச்சன்டைசிங். கல்லூரியில் செய்த பேட்டர்ன், தைத்த உடை ஆகியவற்றின் போட்டோக்களை 4, 5 பக்கத்தில் தனி பைலாக சேர்த்து அனுப்பலாம்.

வேதியியல்: சாய ஆலை ஆய்வகம், சுத்திகரிப்பு நிலையம். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் கழிவுநீரை வெளியே விடாத முறையை கடைப்பிடிக்காத சாய ஆலைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை சொட்டுகூட வெளியேற்றாமல் சுத்திகரிப்பதுதான் சாயத் தொழிலின் உயிர். கல்லூரி லேபில் தண்ணீர் பரிசோதனை செய்திருந்தால் அந்த சோதனையின் பெயரையே எழுதணும்.

கம்ப்யூட்டர் படிப்பு: உற்பத்தி கணக்கு, ஸ்டாக் கணக்கு. "எக்ஸெல் தெரியும்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "எக்ஸெலில் ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட் கணக்கு போட்டு கூட்டத் தெரியும்" என்றால் நம்புவார்கள்.

ஆங்கில இலக்கியம்: வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்பும் மெர்ச்சன்டைசிங் பிரிவு. பிழையில்லாமல் மெயில் எழுதுபவருக்கு அங்கே எப்போதும் மதிப்பு உண்டு.

2022-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் ஏதாவது கோர்ஸ் முடித்திருந்தால் கோர்ஸ் பெயர், மணி நேரம், முடித்த ஆண்டு மூன்றையும் எழுதணும். வெறுமனே திட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் பயன் இல்லை.

4 வார்த்தை தெரிந்தால் போதும்

கூப்பிட்டு பேசும்போது தொழில் வார்த்தை 4 தெரிந்தால் தைரியம் வரும். அதில் முதலாவது ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதுதான் இது. 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக துணியை வெட்டி எடை போடுவார்கள். 1.8 கிராம் இருந்தால் 100-ஆல் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். என்பார்கள்.

லேப் டிப் என்பது பையர் கேட்ட கலரை சின்ன துணித் துண்டில் சாயம் ஏற்றி ஒப்புதலுக்கு அனுப்புவது. டெக் பேக் என்பது ஒரு உடையின் அளவு, துணி, தையல், லேபிள் எல்லாம் அடங்கிய குறிப்பு. ஏ.க்யூ.எல். என்பது மொத்த சரக்கில் இருந்து குறிப்பிட்ட பீஸ்களை எடுத்துப் பார்த்து, எத்தனை டேமேஜ் வரை ஏற்கலாம் என்று முடிவு செய்யும் கணக்கு.

இதையெல்லாம் கற்க கோச்சிங் சென்டருக்கு பணம் கட்ட வேண்டாம். பவர் டேபிளில், செக்கிங்கில், பேக்கிங்கில் இருக்கும் அப்பா, அம்மா, சித்தப்பாவிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டாலே ஒரு பீஸ் கட்டிங்கில் இருந்து பெட்டிக்குள் போகும் வரை உள்ள வழி முழுக்க தெரிந்து விடும்.

எப்படி அனுப்பணும்?

ஒரே பக்கம். அதற்கு மேல் வேண்டாம். பி.டி.எப். ஆக மாற்றி, பைலுக்கு பெயர், படிப்பு, ஊர் என்று பெயர் வைக்கணும். "நியூ பைனல் 2" என்று அனுப்பினால் அங்கே தேடி எடுப்பது கஷ்டம். மெயிலை காலியாக அனுப்பாமல் யார், என்ன படிப்பு, எந்த தேதியில் இருந்து எந்த தேதி வரை என்று 3 வரி எழுதணும்.

மே மாதம் சேரணும் என்றால் மார்ச் மாதமே கொடுத்து விடுவது நல்லது. கல்லூரியில் துறைத்தலைவர் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கி சேர்த்துக் கொடுத்தால் கம்பெனிக்கு நம்பிக்கை வரும். 10 இடத்தில் கொடுத்தால் 2 இடத்தில் பதில் வரலாம். ஒரு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்து கேட்பதில் தப்பில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

கோடை பயிற்சிக்கு எல்லா கம்பெனியும் பணம் தருவதில்லை. தருவார்களா, பஸ் செலவு உண்டா, எத்தனை மணிக்கு விடுவார்கள், ஓவர்டைம் நிற்கச் சொல்வார்களா என்று முதலிலேயே கேட்டு, தேதி போட்ட கடிதம் வாங்கிக் கொள்ளணும். 2024 அக்டோபரில் பிரதமர் பெயரில் தொடங்கப்பட்ட மாதம் ரூ.5 ஆயிரம் பயிற்சித் திட்டம் வேறு. 12 மாத பயிற்சியான அது தொடங்கியபோது, முழுநேரமாக படித்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அதில் இடம் இல்லை.

பணம் கட்டினால் பயிற்சி சர்டிபிகேட் தருகிறோம் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்து விடணும். வேலைக்கு போகும் இடத்தில் அந்த பேப்பரை வைத்து ஒரு கேள்வி கேட்டாலே சாயம் வெளுத்து விடும்.

மகளை அனுப்பும் பெற்றோர் இன்னொன்றும் தெரிந்து கொள்ளணும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கான உள்புகார் குழு இருக்கணும் என்று 2013-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வரும் மாணவிகளும் அதில் அடக்கம். அவசர உதவிக்கு 181 என்ற எண்ணில் பேசலாம்.

பயிற்சி முடிந்த அன்றே என்ன செய்தோம், எத்தனை நாள், எந்த பிரிவு என்று பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்து விடணும். அடுத்த வருடம் வேலை தேடும்போது முதலில் படிக்கப்படுவது அந்த வரியாகத்தான் இருக்கும். அதுவரை, அம்மாவோடு செக்கிங் மேஜையில் நின்ற 5 வாரத்தை மறைக்காமல் எழுதினாலே போதும்.