வழங்கிய மின்சாரமும் வேண்டிய மின்சாரமும்: ஆர்.கே.பேட்டை விசைத்தறிகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மின்நுகர்வு வளர்ச்சியை இழுத்துச் செல்கிறதா, வளர்ச்சி மின்நுகர்வை இழுத்துச் செல்கிறதா என்ற கேள்விக்கு, ஆண்டுத் தரவுகளை கிரேஞ்சர் காரணச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வு மரபு ஒன்று இரண்டாவதே சரி என்று விடை கூறிவந்துள்ளது. அதிலிருந்து ஒரு கொள்கை முடிவும் பெறப்படுகிறது: மின்நுகர்வைக் கட்டுப்படுத்திக் கரியுமிழ்வைக் குறைத்தால் வளர்ச்சிக்குப் பெரிய சேதம் நேராது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இம்முடிவு நிற்காது. சோதனையின் கணிதத்தில் பிழை காண வேண்டியதில்லை. அதற்கு ஊட்டப்படும் மின்நுகர்வு வரிசையே ஐயத்துக்குரியது.

அந்த வரிசை, மின்வாரியம் ஓராண்டில் வழங்கியதாகக் கணக்கில் ஏறிய யூனிட்டுகளின் தொகை. வேளாண் இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால் அதில் ஒரு பகுதி மதிப்பீடு மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல் 2008 நவம்பரில் தொடங்குகிறது. உயரழுத்த நுகர்வோருக்கு 40 விழுக்காடு வெட்டு அப்போது நடைமுறைக்கு வந்தது. அளவு அவ்வப்போது மாறினாலும் கட்டுப்பாடு 2015 ஜூன் வரை நீடித்தது. 2012-13இல் மாநிலத்தின் தேவைக்கும் கிடைத்ததற்கும் இடையே 17 விழுக்காட்டுக்கு மேல் பள்ளம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலைக்கு ஒரு டன்னுக்குச் சுமார் 600 யூனிட் வேண்டும். அந்த ஆண்டுகளில் அவ்வுலையின் மீட்டர் காட்டியது பங்கீட்டு அளவை. வேண்டிய அளவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. டீசல் ஜெனரேட்டரை ஓட்டிச் செய்த உற்பத்தியோ மாநில உற்பத்திக் கணக்கில் சேர்ந்தது. அதற்குச் செலவான மின்சாரம் வாரியக் கணக்கில் சேரவில்லை. இப்படிப்பட்ட வரிசையில், மின்சாரத்திலிருந்து வளர்ச்சிக்குச் செல்லும் தொடர்பு வலுவிழந்து தெரிவதில் வியப்பில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரத்து விசைத்தறிகளில் இது இன்னும் தெளிவாகும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் கட்டணமின்றி என்றிருந்த சலுகை 2023இல் 1000 யூனிட்டாக உயர்ந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கும் என்று கொண்டால், 1000 யூனிட்டில் ஒரு தறியை நாளுக்கு 22 மணி நேரம் ஓட்டலாம். நான்கு தறி இருந்தால் ஒவ்வொன்றும் ஐந்தரை மணி நேரம் ஓடும். நெசவுக்கூலி நெய்த அளவுக்குத்தான். பகலில் போன கரண்டு நடுநிசியில் வந்தால் தறியும் நடுநிசியில் ஓடும். தறி நின்று ஓடிய இடத்தில் துணியில் கோடு விழும், கோடு விழுந்த துணிக்குக் கூலி குறையும். இரவுத் தூக்கத்தை விற்று ஈடுகட்டிய இந்த உற்பத்தியை ஆண்டுத் தரவில் எங்கே தேடுவது? யூனிட்டும் பெரிதாகக் குறைந்திராது, துணியும் குறைந்திராது. தரவைப் பார்ப்பவருக்கு மின்வெட்டே பாதிப்பில்லாத ஒன்றாகத் தோன்றும்.

காரணத்தின் திசையை அறியக் காற்றாலைகள் ஒரு வழி தருகின்றன. தமிழ்நாட்டில் காற்று வீசும் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. 2012இல் காற்று ஓய்ந்ததும், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது; சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான். காற்று, பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வீசுவதில்லை. ஆகவே அதையொட்டி உற்பத்தி தடுமாறியிருந்தால், மின்சாரமே முந்தியது என்று கொள்வதே பொருத்தம். 2016இல் அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ இதழில் வந்த இந்தியத் தொழிற்சாலைகள் பற்றிய ஆய்வு, பற்றாக்குறை ஆலைகளின் வருவாயைச் சராசரியாக 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்தது என்றும், சிறிய ஆலைகளுக்கே அடி பலம் என்றும் கண்டது. அதன் தரவு பதிவுபெற்ற தொழிற்சாலைகளுடையது. வீட்டோடு ஒட்டிய தறிக்கொட்டகை அதற்குள் வராது. அங்கே இழப்பு கூடுதலாகவே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

கரியுமிழ்வுக் கணக்கிலும் இதே மயக்கம் உண்டு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டீசல் ஜெனரேட்டரின் யூனிட்டும் அதற்குக் குறைந்ததல்ல. மின்வெட்டு, புகையை அனல்மின் கணக்கிலிருந்து எண்ணெய்க் கணக்குக்கு மாற்றியது. அதை உமிழ்வுக் குறைப்பு என்று எழுதுவது தவறு. மாவட்ட அளவில் உமிழ்வையும் வருமானத்தையும் ஒப்பிடுவதும் பயன்தராது. 1500 மெகாவாட் வல்லூர் நிலையமும் வடசென்னை அனல்மின் நிலையமும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் நிலக்கரி எரிக்கின்றன. வல்லூர் மின்சாரத்தில் ஒரு பங்கு அண்டை மாநிலங்களுக்குப் போகிறது. சாம்பலைச் சுமப்பவர்கள் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்து மீனவர்கள். அவர்கள் சுமையைக் குறைக்க எரிபொருளை மாற்ற வேண்டும். தறியை நிறுத்துவது அதற்கு மாற்றாகாது.

பற்றாக்குறை ஆண்டுகளுக்குத் தனிக்குறி மாறி ஒன்றைச் சேர்த்தால் போதும் என்ற மறுப்பு மேலோட்டமானது. மாதந்தோறும் ஊருக்கு ஊர் மாறிய வெட்டை ஆண்டுக்கொரு குறி பிடிக்காது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் ‘தேவை’ எண்ணைப் பயன்படுத்தலாம் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அதுவும் வழங்கியதோடு வெட்டப்பட்டதை மதிப்பிட்டுக் கூட்டிய எண்; டீசலுக்குப் போனவரையும் தொழிலையே விட்டவரையும் அது அறியாது. துணைமின் நிலையங்களில் ஃபீடர்வாரியாக மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறிக்கும் பதிவேடுகளே இங்கு முதன்மைச் சான்று. ஆர்.கே.பேட்டை வட்டாரத் தறி ஃபீடர்களின் 2008–2015 பதிவுகளை அதே காலத்து நூல் கொள்முதல், கூலிக் கணக்குகளோடு மாதவாரியாகப் பொருத்தினால் காரணத்தின் திசையை நேரடியாகச் சோதிக்கலாம்.